5 வயசு, 8 வயசு: பழைய பூதப் படமும் காமெடியும் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

அல்சூர்வாசி

பையனுக்கு 5, பொண்ணுக்கு 8. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுச் சுவரில் ப்ரொஜெக்டர் போட்டுப் பழைய படங்களைக் காட்டலாம்னு திட்டம். ரப்பர் டைனோசர், நூல் கட்டின பறக்கும் தட்டு, விட்டலாச்சார்யா மாயாஜாலப் பட எலும்புக்கூடு, அந்த ரகம். கூடவே கொஞ்சம் பழைய காமெடி.

பெரியவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. ஸ்கூலில் இங்கிலீஷும் கன்னடமும்தான். சின்னவனுக்கு எந்த சப்டைட்டிலும் உதவாது. ராத்திரி அலறி எழுந்திருக்கக் கூடாது. "பழைய படம்தானே, யார் பயப்படப் போறா"னு சொல்றாங்க. அதை நம்பலாமா? எதை முதலில் போடணும், எதைத் தொடவே கூடாது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையரீல்

நம்பக் கூடாது. பழசு என்பதாலேயே ஒரு படம் குழந்தைப் படமாகிவிடாது. சரியான உதாரணம் 1954-இல் வந்த முதல் காட்ஸில்லா. இஷிரோ ஹோண்டா இயக்கியது. அந்த வருடம் மார்ச் மாதம் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சில் சிக்கியது. படம் கிளம்புவதே அந்த இடத்திலிருந்துதான். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் காயம்பட்டவர்கள். எரியும் ஊருக்கு நடுவே ஒரு தாய், குழந்தைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரமே அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்கிறாள். ரப்பர் உடை சிரிப்பாகத் தெரிகிற பெரியவர்களுக்கே அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். 12 வயதுக்கு முன்னால் வேண்டாம்.

அதே காட்ஸில்லா 60-களின் பாதிக்குப் பிறகு குழந்தைகள் பக்கம் வந்துவிட்டது. உங்கள் இருவருக்கும் தொடக்கம் 1967-இல் வந்த 'சன் ஆஃப் காட்ஸில்லா'. ராட்சசக் கும்பிடுபூச்சிகள், ஒரு ராட்சசச் சிலந்தி, ஒரு மக்குக் குட்டி. அப்பா நெருப்பு ஊதக் கற்றுக்கொடுக்கிறார். குட்டி ஊதினால் புகை வளையம்தான் வருகிறது, வாலை மிதித்தால்தான் நெருப்பு. 5 வயதுக்காரன் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் கேட்பான், தயாராக இருங்கள். சிலந்திக்குப் பயப்படுகிற பிள்ளையென்றால் கடைசி அரைமணிக்குக் கை பிடித்து உட்கார வேண்டும்.

அடுத்தது 1969-இன் 'ஆல் மான்ஸ்டர்ஸ் அட்டாக்', சுமார் 70 நிமிடம். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போக, வீட்டில் தனியாக இருக்கிற பையன் கனவில் பூதத் தீவுக்குப் போகிறான். சண்டைகளில் பாதி முந்தைய படங்களிலிருந்து வெட்டி ஒட்டியவை. ரசிகர்கள் இதைத் திட்டாத நாள் கிடையாது, ஆனால் எடுத்ததே பிள்ளைகளுக்காக. இதில் பயமுறுத்துவது பூதம் அல்ல, பையனைக் கடத்துகிற இரண்டு திருடர்கள். அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

1971-இல் ஹெடோரா என்ற பூதம் வரும் காட்ஸில்லா படத்தை மட்டும் அட்டைப்படத்தைப் பார்த்து ஏமாந்து போட்டுவிடாதீர்கள். நடுவில் கார்ட்டூன்கூட வரும், ஆனால் புகை பட்டு மனிதர்கள் எலும்பாகிறார்கள்.

கிங் காங் (1933) 100 நிமிடம். குரங்கு வருவதற்கே முக்கால் மணி நேரம் ஆகும், சின்னவன் அதற்குள் எழுந்து போய்விடுவான். வந்த பிறகு மனிதர்களை மிதிக்கிறது, கடிக்கிறது. தீவுவாசிகளைக் காட்டியிருக்கும் விதமும் இன்றைக்குக் கூசும். பெரியவளுக்கு மட்டும் பகுதிகளாகக் காட்டலாம். காங் டைனோசரோடு மோதும்போது அதன் முடியைக் கவனிக்கச் சொல்லுங்கள். காற்றே இல்லாத இடத்தில் முடி சிலிர்த்துக்கொண்டே இருக்கும். பொம்மை ஒன்றரை அடி உயரம், மேலே முயல் தோல். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் தொட்டு நகர்த்தியதில் விரல் பட்ட இடமெல்லாம் கலைந்திருக்கிறது. இதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்ட குழந்தைக்கு அந்தக் குரங்கு அப்புறம் கூட்டாளி.

இதே மாதிரி பொம்மையை நகர்த்தி நகர்த்தி உயிர் கொடுத்தவர் ரே ஹாரிஹவுசன். அவர் பூதங்கள் செய்த இரண்டு படங்களையும் விடாதீர்கள். 'செவன்த் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்' (1958) 88 நிமிடம். ஒற்றைக்கண் ராட்சசன் முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடுவதால் பொறுமை பிரச்சினை இல்லை. மாலுமி ஒருவனைக் கம்பியில் கட்டி நெருப்பில் வாட்டப் பார்க்கும் இடத்தில் ரிமோட் கையில் இருக்கட்டும். 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' (1963) 8 வயதுக்கு. கடைசியில் வரும் ஏழு எலும்புக்கூடுகளின் கத்திச் சண்டை ஐந்து நிமிடம்கூட இல்லை, அதை எடுக்க நாலரை மாதம் பிடித்தது.

ஜெயநகர் ராஜி

வரிசை நல்லா இருக்கு சார், ஆனா நம்ம படத்தை விட்டுட்டு ஜப்பானுக்குப் போயிட்டீங்க. தமிழ் காதில் விழணும்னா முதல் படம் மாயா பஜார் (1957) தான். முழுசா போடாதீங்க, மூணு மணி நேரம் ஓடும். கடோத்கசன் வர்ற இடத்திலிருந்து ஆரம்பிச்சு, கல்யாண சமையல் சாதம் முடியற வரைக்கும் ஒரு நாள். மாயக் கல்யாண வீட்டில் பாயும் கட்டிலும் பண்ற கூத்து இன்னொரு நாள். எஸ்.வி. ரங்காராவ் சிரிக்கிறதைப் பார்த்தா 5 வயசுக்கு மொழியே வேண்டாம்.

வசனம் கொஞ்சம் இலக்கணமா இருக்கும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல உறவை வரைஞ்சு ஒட்டிடுங்க: பலராமன் பொண்ணு வத்சலா, அர்ஜுனன் பையன் அபிமன்யு, பீமன் பையன் கடோத்கசன். அபிமன்யுவும் கடோத்கசனும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைங்கன்னு தெரிஞ்சா, இவன் எதுக்கு அவனுக்காக வேஷம் போடறான்னு பொண்ணு கேட்க மாட்டா.

பாதாள பைரவி (1951) மந்திரவாதி அதே ரங்காராவ்தான், ஆனா ஆள் வேற மாதிரி. குகை, பைரவி சிலை, தலையைப் பலி கேக்கறதுன்னு வரும். 7 வயசுக்கு மேல ஓகே, சின்னவனுக்கு இப்ப வேண்டாம்.

பட்டணத்தில் பூதம் (1967): ஜாவர் சீதாராமன் பூதம். ஜீ பூம்பா ஒண்ணு போதும், ஒரு வாரத்துக்கு வீட்டில் வேற சத்தமே கேக்காது. நடுவில் வர்ற காதல் பாட்டெல்லாம் தாண்டிடலாம், கதை அறுந்து போகாது.

விட்டலாச்சார்யா கேட்டிருந்தீங்க. ஜகன்மோகினி (1978) தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். விறகுக்குப் பதிலா பேய் தன் காலையே அடுப்பில் வெச்சு எரிக்கிற சீன் இன்னிக்கும் சூப்பர். ஆனா படம் முழுக்க மோகினி ஆட்டம், பெரியவங்களுக்கான சமாச்சாரம். அந்த மாதிரித் துண்டுகளை மட்டும் எடுத்துக் காட்டுங்க. ஒரு எச்சரிக்கை: அதைப் பார்த்த பிள்ளைங்க கேஸ் அடுப்புப் பக்கம் விளையாட்டுக்குக் காலை நீட்டும். முன்னாடியே கண்டிப்பா சொல்லிடணும்.

மை டியர் குட்டிச்சாத்தான் 1984-ல் வந்தது, இந்தியாவோட முதல் 3டி படம். பிள்ளைங்க படம்னு எல்லாரும் கண்ணை மூடிட்டுப் போடுவாங்க. அதில் குட்டிச்சாத்தான் பார்ல உக்காந்து குடிக்கிற சீன் இருக்கு. பார்த்துக்கோங்க.

அல்சூர்வாசி

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒண்ணு மட்டும் கேக்கணும். பயம் வந்துட்டா நிறுத்திடணுமா, இல்ல "இதெல்லாம் பொய்டா கண்ணா"னு சொல்லித் தொடரணுமா? காமெடியில எது பாதுகாப்பு?

பழையரீல்

"பொய்" என்று சொல்வதால் பயம் போவதில்லை, எப்படிச் செய்தார்கள் என்று காட்டினால் பெரும்பாலும் போகும். பழைய பூதங்களின் அனுகூலமே அதுதான். ஜிப் தெரியும், கயிறு தெரியும். இன்றைய கம்ப்யூட்டர் பூதத்தில் குழந்தை கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

முதலில் எதைப் பார்த்துப் பயம் என்று கவனியுங்கள். பிள்ளை கண்ணை மூடுவதற்கு முன் காதைப் பொத்துகிறதா? அப்படியானால் படம் அல்ல, இசைதான் பயமுறுத்துகிறது. சத்தத்தைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். திரையை விட்டு அடிக்கடி உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் பயப்படுகிறீர்களா என்று சோதிக்கிறது. சாதாரணமாகக் கடலை கொறியுங்கள். பேச்சு நின்று உடம்பு விறைத்தால் அன்றைக்குப் படம் முடிந்தது. "இன்னும் கொஞ்சம்தான், பார்த்துடு" என்பது வேண்டாம்.

ரிமோட் சின்னவன் கையில் இருக்கட்டும். பூதத்தை எப்போது வேண்டுமானாலும் உறைய வைக்கலாம் என்று தெரிந்த பிள்ளை அதிகம் நிறுத்துவதில்லை. 5 மணிக்குத் தொடங்கி 6.30-க்குள் முடியுங்கள். படத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் சாப்பாடு, விளையாட்டு, சண்டை எல்லாம் வந்து போக வேண்டும்.

சத்தம்தான் பயத்தின் பாதி என்பதைத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரு காட்சி போதும்: காதலிக்க நேரமில்லை (1964), நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் இடம். பேய் கிடையாது, இருட்டுக்கூடக் கிடையாது. ஒருவர் வாயாலேயே கதவு, காற்று, காலடி எல்லாம் செய்கிறார், இன்னொருவர் முகம் வெளிறுகிறது. முதலில் ஒரு நிமிடம் ஒலியில்லாமல் பாலையா முகத்தை மட்டும் காட்டுங்கள். பிறகு ஒலியோடு. எந்தப் பூதப் படத்துக்கும் முன்னால் இதைப் போடலாம்.

காமெடிக்கு மௌனப் படத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை, மொழிச் சிக்கலே கிடையாது. பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' (1920) இருபது நிமிடத்துச் சொச்சம். பெட்டிகளில் பாகம் பாகமாக வந்த வீட்டைச் சேர்த்துக் கட்டுகிறான், எதிராளி பெட்டி எண்களை மாற்றி எழுதிவிட, வீடு கோணல்மாணலாக எழும்புகிறது. ப்ளாக் அடுக்கி விளையாடுகிற வயதுக்கு அளவெடுத்துத் தைத்த படம். சாப்ளினில் 'தி சர்க்கஸ்' (1928), கண்ணாடி அறை, சிங்கக் கூண்டு, கயிற்றின் மேல் குரங்குகள். லாரல் ஹார்டியின் 'தி மியூசிக் பாக்ஸ்' (1932) பேசும் படம்தான், ஆனால் பியானோவைப் படியில் ஏற்றுகிறார்கள், அது உருண்டு கீழே வருகிறது, மறுபடி ஏற்றுகிறார்கள். 29 நிமிடம். சின்னவன் மூன்றாவது முறையே, விழப்போகிறது என்று முந்திக்கொண்டு கத்துவான். அந்த எதிர்பார்ப்புதான் அவன் வயதுக்குச் சிரிப்பு.

பூதமும் காமெடியும் சேர்ந்தே வேண்டுமென்றால் 'அபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்' (1948), 83 நிமிடம். டிராகுலாவாக, அந்த வேஷத்துக்கே பேர்போன பேலா லுகோசியே வருகிறார். பூதங்கள் விறைப்பாக நடிக்கின்றன, பயந்து உளறுவது மனிதன்தான். பெரியவளுக்குப் பிடிக்கும். சின்னவனுக்கு வேகமான இங்கிலீஷ் பேச்சு பாதி போய்விடும்.

மடிவாளா மச்சான்

மேலே சொன்னதெல்லாம் சரி ப்ரோ. பயத்தைவிட, பார்த்ததை அப்படியே செய்யறதுதான் ஆபத்து. மூணு பேர் அடிச்சுக்கற பழைய இங்கிலீஷ் காமெடி த்ரீ ஸ்டூஜஸ் வேண்டவே வேண்டாம். கண்ணில் ரெண்டு விரலை விடறதுக்கு 5 வயசுக்கு ஒரு நொடி போதும், தங்கச்சியோ அக்காவோ பக்கத்துலதான் உக்காந்திருப்பாங்க. மிஸ்டர் பீன் போடலாம், ஆனா பெயிண்ட் டப்பாவுக்குள்ள வெடி வெச்சு ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிற எபிசோடை தீபாவளி மாசத்துல போடாதீங்க.

கவுண்டமணி செந்தில்ல உதைக்கிறதைவிட வாய்தான் பிரச்சினை. தலை, நிறம், உருவம் வெச்சு திட்டறதை அப்படியே ஸ்கூல் பஸ்சுக்கு எடுத்துட்டுப் போவாங்க. கரகாட்டக்காரன் (1989) வாழைப்பழ காமெடி மட்டும் விதிவிலக்கு. கணக்கு புரியற வயசு வந்திருக்கணும், 8-க்கு சரியா உக்காரும். கடைசியில விழற அடியை மட்டும் ஒரு வார்த்தை சொல்லித் தாண்டிடுங்க.

டப்பா ப்ரொஜெக்டர்

கருவி பக்கம் யாரும் வரல, நான் சொல்றேன்.

டிவியிலோ ப்ரொஜெக்டரிலோ படத்தை வழவழப்பாக்கற மோஷன் செட்டிங்கை அணைச்சுடுங்க. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர் வெச்சிருக்கும், 'மோஷன்'னு எங்கேயாவது இருக்கும். இது ஆனில் இருந்தா, இல்லாத ஃபிரேமை மெஷினே நடுவில் சொருகும். ஹாரிஹவுசன் எலும்புக்கூட்டோட வெட்டி வெட்டி நடக்கற நடை மொத்தமா கெட்டுப்போகும்.

50-கள் வரைக்கும் வந்த படம் பெரும்பாலும் கிட்டத்தட்ட சதுரம், 4:3. அதை 16:9-க்கு இழுத்துடாதீங்க. ரங்காராவ் ஏற்கெனவே தேவையான அளவு அகலம். ரெண்டு பக்கமும் கருப்பா இருந்தா இருக்கட்டும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர்ல சத்தம் கொஞ்சம் பின்தங்கும். பூதப் படத்தில் தெரியாது, லாரல் ஹார்டி விழுந்து முடிச்சப்புறம் 'டம்'னு கேட்டா சிரிப்பு வராது. ஆக்ஸ் வயர் போட்டுடுங்க, நம்ம பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒலி செட்டிங்கில் 'நைட் மோட்' இருந்தா ஆன் பண்ணுங்க. மெதுவான பேச்சை ஏத்தி, திடீர் அலறலை இறக்கும். குழந்தைகளோட பார்க்கறப்ப இதைவிட உபயோகமான பட்டன் இல்லை.

ப்ரொஜெக்டர் டப்பாவில் த்ரோ ரேஷியோ பாருங்க, அதாவது படத்தோட அகலத்தைப் போல எத்தனை மடங்கு தள்ளி வைக்கணும்னு. 1.2-ன்னா 6 அடி அகலப் படத்துக்கு 7 அடிக்குக் கொஞ்சம் மேல தள்ளி வைக்கணும். ஹால் முழுக்க இருட்டு வேண்டாம். பிள்ளைங்க முதுகுக்குப் பின்னாடி, சுவர் மேல படாத மாதிரி ஒரு சின்ன மஞ்சள் விளக்கு.

சப்டைட்டில் விஷயம்: நீங்களே சொல்லுங்க, ஆனா காட்சி வர்றதுக்கு முன்னாடி ஒரே வரி. "இப்ப இவன் வேஷம் போட்டுட்டு வரப்போறான்", அவ்வளவுதான். ஓடறப்பவே மொழிபெயர்த்தா நகைச்சுவை உங்க குரலுக்கு அடியில நசுங்கும். ஜப்பான் படங்களுக்கு இங்கிலீஷ் டப்பிங்கே போடுங்க. வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கமா இருக்கறதே பிள்ளைங்களுக்குத் தனி காமெடி.

களிமண் கைகள்

பார்த்த மறுநாளே ஒன்று செய்து பார்க்க வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பால்கனி போதும்.

எளிதானது உடை மாட்டிய பூதம். 1954 காட்ஸில்லாவின் உயரம் கதைப்படி 50 மீட்டர். உள்ளே ஆளை வைத்து, ஊரை 25-இல் ஒரு பங்காகக் கட்டினார்கள். அதே கணக்கில் 1.2 மீட்டர் பையன் 30 மீட்டர் பூதம். ஒரு மாடி 3 மீட்டர் என்றால் 12 செ.மீ., எனவே 36 செ.மீ. உயர அட்டைப்பெட்டி மூன்று மாடி வீடு. ஜன்னலை 5 செ.மீ.க்கு மேல் வரையாதீர்கள். ஜன்னல் பெரிதானால் பூதம் சின்னதாகிவிடும். பெட்டியில் ஸ்டேப்ளர் பின் இருந்தால் முதலில் பிடுங்குங்கள், மிதிக்கப் போவது வெறுங்கால்.

பெரிய பொருள் விழ அதிக நேரம் எடுக்கும். அளவு 25 மடங்கு குறைந்தால் வேகத்தை அதன் வர்க்கமூலம், அதாவது 5 மடங்கு குறைக்க வேண்டும். சினிமாவின் நொடிக்கு 24 ஃபிரேமை 5 ஆல் பெருக்கினால் 120. பெரும்பாலான போன்களில் ஸ்லோ மோஷன் 120-இல் இருக்கிறது, அதுவே போதும். அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் துடிக்கும், பகலில் வெளியே எடுங்கள். போனைத் தரையில் வைத்து மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் பெட்டியை மிதிக்கிற பையன்தான் தெரிவான். இடிபாட்டுக்குக் காகிதம் கிழித்துப் போடாதீர்கள், மிதந்து விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். பொரி சரியாக விழும். கடல் வேண்டாம். தண்ணீர்த் துளியைச் சின்னதாக்க முடியாது, பழைய படங்களிலேயே கடல் வந்ததும் பொம்மை தெரிந்துவிடுகிறது.

ஸ்டாப் மோஷன், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுப்பது, பெரியவளுக்கு. காய்ந்து வெடிக்காத எண்ணெய்க் களிமண், உள்ளே 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி இரண்டு சேர்த்து முறுக்கியது. உயரம் 10 செ.மீ.க்கு மேல் போனால் கால் தாங்காது. தெர்மோகோல் தரை, பாதத்தின் வழியாகக் குண்டூசி. நொடிக்கு 12 படம், 5 நொடிக்கு 60, ஒவ்வொரு தடவையும் 3 முதல் 5 மி.மீ. நகர்த்தல். கெடுவது எப்போதும் மூன்று இடத்தில்: ஜன்னல் வெளிச்சம் மாறும் (திரையை மூடி ஒரே விளக்கு), போன் தானாக ஃபோகஸ் மாற்றும் (திரையில் அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள்), ஃபேன் காற்றில் அட்டை ஆடும்.

உறுமலுக்கு: அசல் காட்ஸில்லா சத்தத்தை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே குழுவினர், டபுள் பாஸின் தளர்த்திய தந்தியில் பிசின் தடவிய தோல் கையுறையைத் தேய்த்து எடுத்தார்கள். வீட்டில் பேப்பர் கப் அடியில் ஓட்டை போட்டு, ஓர் அடி பருத்தி நூலை உள்ளே தீக்குச்சியில் முடிந்து வெளியே விடுங்கள். ஈரத்துணியால் நூலைப் பிடித்து, விட்டு விட்டு இழுத்தால் கோழி கொக்கரிக்கும். அதைப் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓட்டினால் பூதம். நைலான் நூல் வழுக்கும், சத்தம் வராது.

ஜெயநகர் ராஜி

கடோத்கசன் லட்டு சாப்பிடறதையும் சேர்த்துக்கோங்க, போன் போதும். பிள்ளை வாயில் லட்டைக் கவ்விட்டு நிக்கணும், அப்புறம் கீழே இருக்கிற தட்டில் விட்டுடணும். வீடியோவைத் தலைகீழா ஓட்டினா லட்டு தானா எழும்பி வாய்க்குப் போகும். லட்டு வாய்க்குள்ள முழுசா நுழையாத அளவு பெரிசா இருக்கணும், தொண்டையில மாட்டிடக் கூடாது. பூந்தி லட்டு உதிரும், உதிர்ந்ததும் சேர்ந்து பறந்து வரும், அழகா இருக்கும். ரவா லட்டு தட்டில் பட்டதும் உடையும். தட்டு மேல துணி விரிச்சா சத்தமும் வராது, எகிறவும் செய்யாது.